வயிற்றில் இடமில்லாதவர்களுக்கு: எடை கூட்டும் வீகன் தின்பண்டங்கள்

ஒல்லியாக இருப்பவர்களுக்கு எல்லோரும் இலவசமாகத் தரும் அறிவுரை ஒன்று உண்டு: "இன்னும் கொஞ்சம் சாப்பிடேன்." எங்கே சாப்பிடுவது? வயிறுதான் நிரம்பிவிட்டதே! வீகன் உணவுக்காரர்களுக்கு (பால், முட்டை, தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாதவர்கள்) இந்தத் தொல்லை கூடுதல். காய், கீரை, பயறு, முழுதானியம் எல்லாமே தண்ணீரும் நார்ச்சத்தும் நிறைந்தவை. தட்டு நிறைய இருக்கும், மென்று மென்று தாடை வலிக்கும், கடைசியில் கலோரிக் கணக்கு பார்த்தால் உள்ளே போனது சொற்பம்.

நான் பல வருடங்களாக வீகன். எலும்பு உடம்பு, மந்தமான பசி, பாதித் தட்டிலேயே "போதும்" என்று எழுந்துவிடும் ரகம். சின்ன இடத்தில் எவ்வளவு அடைக்க முடியும் என்பதுதான் என் சமையலறைக் கணக்கு. கீழே இருப்பவை எல்லாம் அந்தக் கணக்கில் தேறியவை.

முதலில் ஒரு விஷயம். முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்கிக்கொண்டு போனால் தின்பண்டம் தேடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, சர்க்கரை நோய், குடல் கோளாறு என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். பிறவியிலேயே ஒல்லி, உடல் நிறை குறியீடு (கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது) 18.5-க்குக் கீழே அல்லது அதை ஒட்டி நிற்கிறது, மற்றபடி நலம் என்பவர்களுக்குத்தான் இது.

கணக்கு எளிது

கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் 4. தண்ணீருக்கு ஒன்றும் இல்லை. ஆகவே ஈரம் குறைவாகவும் நல்ல கொழுப்பு அதிகமாகவும் உள்ள பொருளைத் தேட வேண்டும். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 567 கலோரி, 26 கிராம் புரதம். அதே கலோரிக்கு நடுத்தர வாழைப்பழம் ஐந்துக்கு மேல் உரிக்க வேண்டும். பாதாம் 579, முந்திரி 553, வால்நட் 654, எள் 573. பூசணி விதையில் 559 கலோரியோடு 30 கிராம் புரதமும் இருக்கிறது. எனக்குப் பிடித்த விதை அதுதான். உலர்ந்த பழங்களில் பேரீச்சை 100 கிராமுக்கு ஏறக்குறைய 280, உலர்திராட்சை 300.

வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் தினமும் 300 முதல் 500 கலோரி கூடினால் போதும். ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரி என்பது பொதுவான மதிப்பீடு. அப்படிப் பார்த்தால் 500 கலோரி கூடுதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோ ஏற வேண்டும். உடம்பு அவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்காது, மெதுவாகத்தான் ஏறும். மெதுவாக ஏறுவதே நல்லது.

சிப்ஸும் சோடாவும்கூட வீகன்தான், அவற்றாலும் எடை ஏறும். ஆனால் புரதமும் வராது, இரும்பும் துத்தநாகமும் வராது, வயிறு மட்டும் முன்னால் வரும்.

இரண்டு ஏமாற்றுக்காரர்கள்

எடை கூட்டும் வீகன் பட்டியல்களில் தவறாமல் இடம்பிடிப்பவை பாதாம் பாலும் சியா விதையும். இரண்டின் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இனிப்புச் சேர்க்காத பாக்கெட் பாதாம் பால் ஒரு கப்பில் 30, 40 கலோரிதான். பெயரில்தான் பாதாம், உள்ளே பெரும்பாலும் தண்ணீர். அதே ஒரு கப் சோயா பாலில் 80-க்குக் குறையாது, புரதமும் 7 கிராம். சியா நல்ல விதைதான். ஆனால் தன் எடையைப் போல் பத்து மடங்கு தண்ணீரைக் குடித்துக் கூழாகும். வயிற்றை அடைப்பதற்கு அதைவிடச் சிறந்த பொருள் இல்லை. எடை குறைக்க நினைப்பவருக்கு அது வரம், நமக்கு இடைஞ்சல். சியா புட்டிங் இல்லாமல் முடியாது என்பவர்கள் தண்ணீருக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப் பாலில் ஊற வைக்கலாம். அதிலும் ஓர் எச்சரிக்கை: தேங்காய்க் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அதிகமானால் கெட்ட கொலஸ்டிராலை ஏற்றும் ரகம். வாரத்தில் சில நாள் சரி, தினமும் அதையே நம்ப வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை: வீட்டுப் பீனட் பட்டர்

இதை மட்டும் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முழுக் கடலையைச் சரியாக மெல்லாமல் விழுங்கினால் அதன் செல் சுவருக்குள் இருக்கும் கொழுப்பில் ஒரு பங்கு செரிக்காமலே வெளியே போய்விடும். அரைத்துவிட்டால் அந்தச் சுவர் உடைந்துவிடும். சாப்பிட்டதில் கூடுதலாக உடம்பில் ஒட்டும்.

300 கிராம் தோலோடு கூடிய பச்சை வேர்க்கடலையை ஓவனில் 175 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் வறுங்கள். ஓவன் இல்லையென்றால் அடி கனமான வாணலியில் சிறு தீயில், கை எடுக்காமல் கிளறுங்கள். ஒன்றை எடுத்துப் பிளந்து பாருங்கள். உள்பக்கம் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தால் இறக்கிவிடலாம். அடுப்பை அணைத்த பிறகும் அதன் சூட்டிலேயே கொஞ்சம் வறுபடும் என்பதால் சற்று முன்னதாகவே நிறுத்துங்கள். துணியில் போட்டுத் தேய்த்தால் தோல் கழன்றுவிடும்.

வெதுவெதுப்பு இருக்கும்போதே மிக்ஸியில் போடுங்கள். முதலில் ரவை மாதிரி உடையும். பிறகு மாவாகி ஜாரின் சுவரில் ஏறி ஒட்டிக்கொள்ளும். நிறுத்தி, கரண்டியால் வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அடுத்த கட்டத்தில் எல்லாம் ஒரே கட்டியாகச் சேர்ந்து ஜாருக்குள் தட் தட் என்று மோதும். பலரும் கைவிடுவது இங்கேதான். "தண்ணி பத்தலையோ" என்று ஒரு சொட்டு விட்டால் இறுகிக் களிம்பாகிவிடும், சீக்கிரம் கெட்டும் போகும். எதுவும் ஊற்றாதீர்கள். மோட்டார் சூடாகாமல் நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக்கொண்டே இருங்கள். திடீரென்று கட்டி தளரும், மேலே எண்ணெய் மினுங்கும், சத்தம் மாறும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் நாடாவாக வழிய வேண்டும். அப்போது கால் டீஸ்பூன் உப்பு, ஒரு சுற்று, முடிந்தது.

ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 95 கலோரி. கஞ்சியில் ஒன்று, ரொட்டியில் ஒன்று, வாழைப்பழத் துண்டின் மேல் ஒன்று என்று நாள் முழுக்க ஒளித்து வைத்தால் கிட்டத்தட்ட 300 ஆகிவிடும். வயிற்றுக்குத் தெரியவே தெரியாது.

பேரீச்சை உருண்டை

என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். கொட்டை நீக்கிய மெத்தென்ற பேரீச்சை 200 கிராம், வறுத்த வேர்க்கடலை 150 கிராம், ஓட்ஸ் 50 கிராம், பொடித்த ஆளி விதை 30 கிராம், எள் விழுது 30 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. ஆளி விதையைக் கட்டாயம் பொடியுங்கள். முழுசாகப் போட்டால் போன மாதிரியே வெளியே வரும்.

ஓட்ஸை லேசாக வறுத்துப் பொடியுங்கள். கடலையை இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டுங்கள். பல்லில் கடிபட வேண்டும். பேரீச்சையைத் தனியாக மசித்து, எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் கொட்டிக் கையால் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் இன்னொரு கரண்டி எள் விழுது. கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் ஒரு கரண்டி ஓட்ஸ் பொடி. இதிலும் தண்ணீர் கூடாது. பழம் காய்ந்து கல்லாகிவிட்டால் வெந்நீரில் 10 நிமிடம் போட்டு, நன்றாக வடித்துத் துடைத்துவிட்டு அரையுங்கள்.

இந்த அளவுக்கு 20 உருண்டை வரும். ஒன்று 23 கிராம், சுமார் 100 கலோரி, 3 கிராம் புரதம். நடுவில் பசி இல்லாவிட்டாலும் இரண்டு உள்ளே போய்விடும். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம் தாங்கும்.

ஓட்ஸ் பார்

கடையில் விற்கும் பார்களில் பாதி, பொரித்த தானியத்தில் காற்றை அடைத்தவை. அதை நம்புவதைவிட இது மேல். 120 கிராம் பீனட் பட்டர், 100 கிராம் மேப்பிள் சிரப் அல்லது வேறு ஏதாவது சர்க்கரைப் பாகு, 30 கிராம் எண்ணெய் மூன்றையும் சிறு தீயில் இளக்கி, 200 கிராம் ஓட்ஸ், 50 கிராம் பூசணி விதை, 60 கிராம் உலர்திராட்சை சேர்த்துக் கிளறுங்கள். (தேன் வீகன் கணக்கில் வராது.) காகிதம் விரித்த தட்டில் கொட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் பலம் கொண்ட மட்டும் அழுத்துங்கள். அழுத்தம் போதாவிட்டால் பார் கிடைக்காது, தூள்தான் கிடைக்கும். 170 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம், ஓரம் பொன்னிறமாகும் வரை. முழுதாக ஆறிய பிறகு 12 துண்டு போட்டால் ஒவ்வொன்றும் 200 கலோரியைத் தாண்டும்.

அவகாடோ சாக்லேட்

இனிப்புப் பிரியர்களுக்கு. நன்கு பழுத்த அவகாடோ ஒன்றின் சதை, 60 கிராம் டார்க் சாக்லேட், 60 மில்லி தேங்காய்ப் பால், ஒரு கரண்டி சிரப். சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, மற்றதோடு சேர்த்து வழுவழுவென்று அரைத்தால் இரண்டு கிண்ணம், கிண்ணத்துக்கு 400-ஐ ஒட்டி வரும். அவகாடோவைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு போடாதீர்கள். சில்லென்றிருந்தால் உருகிய சாக்லேட் மணல் மணலாகத் திரிந்துவிடும். சாக்லேட் உறையின் பின்பக்கத்தையும் படியுங்கள். டார்க் என்று போட்டிருந்தாலும் சிலவற்றில் பால் பொடி இருக்கும்.

குடிப்பது

மெல்ல அலுப்பாக இருக்கும் நாளுக்கு இதுதான் துணை. கெட்டி உணவு அடைக்கும் அளவுக்குத் திரவம் வயிற்றை அடைக்காது. 40 கிராம் ஓட்ஸை முதலில் உலர் பொடியாக்கிவிட்டு, 300 மில்லி சோயா பால், ஒரு வாழைப்பழம், இரண்டு மேசைக்கரண்டி பீனட் பட்டர், பெரிய பேரீச்சை இரண்டு போட்டு அரையுங்கள். சுமார் 680 கலோரி, 25 கிராமுக்குக் குறையாத புரதம். ஒரே மூச்சில் குடித்தால் மந்தம் தட்டும். நான் ஒரு பாட்டிலில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலை பார்த்தபடியே அரைமணி நேரத்துக்குக் குறையாமல் உறிஞ்சுவேன்.

எப்போது, எப்படி

சாப்பாட்டுக்கு முன் இவற்றைத் தொடாதீர்கள். உருண்டை வந்து சோற்றைத் தள்ளிவிட்டால் நிகர லாபம் சுழியம். சாப்பிட்டு முடித்ததும் ஒன்று, இரண்டு வேளைக்கு நடுவில் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று. தண்ணீரையும் சாப்பாட்டுக்கு முன்னால் மடக் மடக் என்று குடிக்காமல் பிறகு குடியுங்கள்.

முதல் நாளே எல்லாவற்றையும் தொடங்கினால் வயிறு உப்பும், வாயு பிரியும். இத்தனை நாரும் கொழுப்பும் அதற்குப் புதிது. முதல் வாரம் நாளுக்கு இரண்டு உருண்டை, பிறகு மெதுவாக ஏற்றுங்கள்.

கடலை ஒவ்வாதவர்கள் சூரியகாந்தி விதையில் இதே முறையில் வெண்ணெய் எடுக்கலாம். அதைப் பேக்கிங் சோடா சேர்த்த குக்கியில் போட்டால் உள்ளே பச்சை நிறமாகிவிடும். அந்த விதையிலுள்ள ஓர் அமிலம் சோடாவோடு சேர்ந்து செய்யும் வேலை அது, கெட்டுப்போனதில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். பிரேசில் நட் மட்டும் நாளுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம், அதில் ஏராளமாக உள்ள செலினியம் என்ற தாது அளவு மீறிவிடும்.

வைட்டமின் பி12 இந்தப் பண்டங்கள் எதிலும் இயற்கையாகக் கிடையாது. வீகன் என்றால் மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ எடுத்தே ஆக வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் இருந்தால் ஏறுவதில் ஒரு பங்கு தசையாக ஏறும், பசியும் கொஞ்சம் கிளம்பும்.

எடையைத் தினமும் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளாமல், வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். இரண்டு வாரம் முள் அசையவில்லை என்றால் அன்றாடத்தில் ஒரு கரண்டி பீனட் பட்டரும் ஓர் உருண்டையும் கூட்டுங்கள், கிட்டத்தட்ட 200 கலோரி. மேலும் இரண்டு வாரம் அதே அளவில் ஓட்டிவிட்டு மறுபடி தராசில் ஏறுங்கள்.