கதையின் கருப்பொருளைக் கண்டுபிடிப்பது எப்படி?

"இந்தக் கதையின் கருப்பொருள் என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் ஒற்றைச் சொல்: பேராசை, தாய்மை, நட்பு. அது கருப்பொருள் அல்ல, கதை எதைப் பற்றியது என்று சொல்லும் பேசுபொருள். அதைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்பதே கருப்பொருள், ஆகவே அது முழு வாக்கியமாகத்தான் இருக்க முடியும். (அகத்திணை இலக்கணத்தில் தெய்வம், மரம், பறவை போன்றவைதான் கருப்பொருள். இங்கே நாம் பேசுவது அதுவல்ல.)

ஒரு சிறு கதையை வைத்துப் பார்ப்போம். அம்மா இறந்தபின் அண்ணனும் தம்பியும் வீட்டைப் பங்கு போடுகிறார்கள். நாடா வைத்து அளக்கிறார்கள், பாத்திரங்களைக்கூட எண்ணிப் பட்டியல் போடுகிறார்கள். ஒரு அடிச் சுவருக்காகப் பேச்சு முறிகிறது. கடைசியில், பட்டியலில் இல்லாத அம்மாவின் மூக்குக்கண்ணாடியை அண்ணன் தம்பிக்குத் தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். கதை அங்கே முடிகிறது.

முதல் முறை பென்சில் இல்லாமல் படியுங்கள். இரண்டாம் முறை மூன்று வகை இடங்களை மட்டும் கோடிடுங்கள்: திரும்பத் திரும்ப வரும் பொருள் அல்லது செயல் (இங்கே அளப்பது, எண்ணுவது), ஒன்றை விட்டு இன்னொன்றைக் கதாபாத்திரம் தேர்ந்தெடுக்கும் தருணம், கடைசிப் பத்தி. பக்கமெல்லாம் கோடு விழுந்தால் எதையுமே குறிக்காததற்குச் சமம். தலைப்பையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

அடுத்து மூன்று கேள்விகள். மையப் பாத்திரம் எதை விரும்புகிறது? எது தடுக்கிறது? முடிவில் என்ன மாறியிருக்கிறது, அல்லது மாற மறுத்திருக்கிறது? பதில்களை வைத்து, பாத்திரங்களின் பெயரோ உறவுமுறையோ இல்லாமல், 15 சொற்களுக்குள் ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை: எழுதியதை உடைத்துப் பார்ப்பது. "பேராசை உறவைக் கெடுக்கும்" என்று எழுதியதாக வைத்துக்கொள்வோம். சுவர்ச் சண்டைக்கு அது பொருந்துகிறது. ஆனால் பேராசைக்காரன் காசு பெறாத மூக்குக்கண்ணாடியை ஏன் ஒளிக்க வேண்டும்? முடிவை விளக்காத வாக்கியத்தைத் தூக்கி எறியலாம். "துக்கத்தை வெளிக்காட்டத் தெரியாதவர்கள் அதைக் கணக்கு வழக்காக மாற்றிக்கொள்கிறார்கள்" என்று எழுதினால் நாடா, பட்டியல், சுவர், கண்ணாடி எல்லாமே இடத்தில் உட்காருகின்றன. முடிவை மனத்துக்குள் மாற்றியும் பார்க்கலாம். அண்ணன் கண்ணாடியைக் குப்பையில் எறிந்திருந்தால் இந்த வாக்கியம் நிற்காது. அப்படியானால் நம் வாக்கியம் இந்தக் கதைக்கே உரியது.

தவறு அதிகம் நேர்வது நீதியைக் கருப்பொருளாக எடுத்துக்கொள்வதில்தான். "சகோதரர்கள் சண்டை போடக் கூடாது" என்பது வாசகருக்குச் சொல்லும் அறிவுரை. "கூடாது", "வேண்டும்" என்று வாக்கியம் முடிந்தால் சந்தேகப்படுங்கள். நீதிக்கதைகளில் நீதியும் கருப்பொருளும் ஒன்றாகவே இருக்கலாம், மற்ற கதைகளில் அபூர்வம். கதைச்சுருக்கத்தைக் கருப்பொருளாக எழுதுவது இன்னொரு வழுக்கல். பெயர்களை நீக்கியதும் வாக்கியம் காலியாகிவிட்டால் அது சுருக்கம்தான்.

பாத்திரம் பேசும் வசனத்தை அப்படியே கருப்பொருளாக எடுத்துக்கொள்வதும் ஆபத்து. "எனக்கு யாரும் தேவையில்லை" என்று கதைசொல்லியான 'நான்' சொல்லும் கதை, அவன் செயல்களின் வழியாக அதற்கு நேர்மாறானதைக் காட்டிக்கொண்டிருக்கலாம். சொல்லும் செயலும் மோதும் இடத்தில் செயலை நம்புங்கள்.

ஒரு கதைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கருப்பொருள் இருக்கலாம், நாவலில் பெரும்பாலும் இருக்கும். அதற்காக எந்தப் பதிலும் சரியாகிவிடாது. தேர்விலோ கட்டுரையிலோ எழுதும்போது வாக்கியத்தோடு குறைந்தது இரண்டு சான்றுகள் தாருங்கள். அவற்றில் ஒன்று கதையின் முடிவிலிருந்து வரட்டும்.