கத்திரி வெயிலில் கனகாம்பரத் தலை

முதல் வருஷம், அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம். அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தவள், மத்தியானம் ரெண்டு மணிக்குத் தலைக்குக் குளித்தேன். மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து வந்த தண்ணி, ஹீட்டர் போடாமலே கை சுட்டது. பாத்ரூம் தரை முழுக்க ரஸ்னாவைக் கொட்டின மாதிரி ஓடியது. ஐந்து நாள் முன்னால் தலைமுடிக்குப் போட்ட ஆரஞ்சுக் கலர், அந்த ஒரே குளியலில் பாதி காலி. அதுவரை வெயில்தான் எதிரி என்று நினைத்துக் குடையும் துப்பட்டாவுமாக அலைந்துகொண்டிருந்தேன். மூன்று கோடையாக ஆரஞ்சுத் தலையோடு மேடவாக்கத்துக்கும் பெருங்குடிக்கும் ஸ்கூட்டியில் போய்வருகிறவள் சொல்கிறேன்: நம்ம ஊரில் கலரைக் கரைப்பது முதலில் தண்ணி, அப்புறம்தான் வெயில்.

ஏன் ஆரஞ்சு என்று கேட்பவர்களுக்கு என் பதில், அதுதான் கறுப்பு முடிக்குச் சோம்பேறித்தனமான கலர். ப்ளீச் போட்டால் நம் முடி நேராக வெளுக்காது. கறுப்பிலிருந்து செம்பழுப்பு, செங்கல், ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாக இறங்கும். சாம்பல், லாவண்டர் வேண்டும் என்றால் கடைசிப் படிவரை போக வேண்டும். போய்ச் சேருவதற்குள் முடி தேங்காய் நாராகிவிடும். ஆரஞ்சுக்கு பங்கனப்பள்ளித் தோல் மாதிரி ஒரு மஞ்சள் வந்ததும் நிறுத்திவிடலாம். பாதி வேலையை முடியே செய்துகொடுக்கிறது.

ப்ளீச்சில் அவசரம் கூடாது. ப்ளீச் பவுடரில் கலக்கிற டெவலப்பர் 20 வால்யூம் போதும், அதாவது 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. முதல் முறை ஒரு பார்லரில் 40 வால்யூம் போட்டு அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறோம் என்றார்கள். முடித்துத்தான் தந்தார்கள், காதுக்குப் பின்னால் நாலு விரல் அகலத்துக்கு முடியையும் சேர்த்து. மே மாதச் சூட்டில் ப்ளீச் இன்னும் வேகமாக வேலை செய்யும். அதனால் ஏசி அறையிலோ விடிகாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு கற்றையைத் துடைத்துப் பாருங்கள், பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்தைத் தாண்டாதீர்கள். முந்தின நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம்; மண்டையில் ஊறியிருக்கிற எண்ணெய்ப் பசைதான் காப்பு. வேர்க்குருவோ புண்ணோ இருந்தால் ஆறட்டும். நான் இப்போது வேர்ப் பக்கம் ரெண்டு அங்குலம் கறுப்பாகவே விட்டுவிடுகிறேன். மண்டையில் ப்ளீச் படாது, எரிச்சல் இல்லை. முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் போல வளர்ந்தாலும், வளர்ந்ததே தெரியாது.

இதில் மருதாணி ஒரு தனிக் கண்டம். வெறும் இலை அரைத்துப் போட்டவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை, கலர் திட்டுத்திட்டாக வெளுக்கும், அவ்வளவுதான். ஆனால் சில மருதாணிப் பாக்கெட்டுகளில் உலோக உப்பு கலந்திருக்கும். அதன்மேல் பெராக்சைடு பட்டால் முடி கொதிக்கிற மாதிரி சூடாகி, கையோடு அறுந்து வரும். சீப்பில் சிக்கிய முடியை ஒரு பழைய கிண்ணத்தில் ப்ளீச்சோடு போட்டு அரை மணி நேரம் பாருங்கள். கிண்ணம் சூடேறினால் அந்த யோசனையையே விட்டுவிடுங்கள். கலரையும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி, அலர்ஜி வருகிறதா என்று 48 மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது நல்லது. (எங்கள் தெரு பாய் தாத்தா வருஷக்கணக்காக தாடிக்கு மருதாணிதான் போடுகிறார். நரைத்த முடியில் அது அசல் ஆரஞ்சாகப் பிடிக்கும். என்னைப் பார்த்ததும், "நீயும் நம்ம கட்சியாம்மா?" என்றார்.)

கலர் கலக்கும்போது, உங்களுக்குப் பிடித்த ஆரஞ்சைவிட ஒரு படி காரமாகக் கலக்குங்கள். என் கணக்கு ஆரஞ்சு மூன்று பங்கு, சிவப்பு ஒரு பங்கு, ரெண்டுமே டெவலப்பர் தேவைப்படாத, குளிக்கக் குளிக்கக் கரைகிற செமி-பெர்மனென்ட். முதல் நாள் மிளகாய்ப்பழம் மாதிரி இருக்கும், பதற வேண்டாம். மூன்றாவது குளியலில் கனகாம்பரத்துக்கு வரும், ஆறாவதில் பப்பாளிக்கு இறங்கும், விட்டுவிட்டால் பூசணி மஞ்சளில் போய் நிற்கும். நெற்றி ஓரம், காது, பிடரி எல்லாம் முன்கூட்டியே வாசலின் தடவிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ரெண்டு நாளைக்குக் குங்குமம் வழிந்த சாமி மாதிரி இருப்பீர்கள்.

இப்போது தண்ணிக்கு வருகிறேன். இந்தக் கலர் முடியின் உள்ளே ஆழமாகப் போவதில்லை, மேல் செதில்களை ஒட்டியே உட்கார்ந்திருக்கும். ப்ளீச் அந்தச் செதில்களை ஏற்கெனவே தூக்கிவிட்டிருக்கும். சுடுதண்ணி பட்டதும் முடி உப்பி, கலர் வெளியே நடந்துவிடும். அதனால் எனக்கு வாரத்துக்கு ரெண்டே குளியல். முந்தின இரவு பெரிய பக்கெட்டில் தண்ணி பிடித்து பாத்ரூம் மூலையில் வைத்துவிடுவேன். காலை ஐந்தரைக்கு அது ஜில்லென்று இருக்கும், அதில்தான் தலைக்கு. எங்கள் பில்டிங்கில் போர் தண்ணி. பக்கெட் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு முடியிலும் படிந்து ஆரஞ்சைச் செம்மண் ஆக்கிவிடும். அதனால் கடைசி ரெண்டு சொம்பு மட்டும் கேன் தண்ணி. "குடிக்கிற தண்ணியத் தலையில ஊத்துறியா?" என்று அம்மா கத்துவாள். ரெண்டு சொம்புதானே. பொடுகு ஷாம்புவைத் தொடாதீர்கள், அது கலரை உரித்துவிடும். ஷாம்பு பாட்டிலின் பின்னால் முதல் வரிகளில் சல்பேட் என்று முடிகிற பெயர் இருந்தால் அதையும் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

போன கலரைத் திரும்பக் கொண்டுவர, 200 மில்லி வெள்ளைக் கண்டிஷனரில் ரெண்டு பெரிய ஸ்பூன் அதே கலரைக் கலந்து ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். வாரம் ஒரு நாள் ஷாம்புக்கு அப்புறம் பதினைந்து நிமிஷம் ஊறவைத்து அலசினால் போதும். கோடை முழுக்க இந்த டப்பாதான் என்னைக் காப்பாற்றுகிறது. கையுறை மறந்தால் மறுநாள் ஆபீசில், "என்ன, வளைகாப்பா?" என்பார்கள்.

வியர்வைக்கு முழுத் தீர்வு கிடையாது. ஹெல்மெட்டுக்குள் பழைய காட்டன் துணியை, கறுப்போ அரக்கோ, கட்டிக்கொள்கிறேன். கலர் போட்ட முதல் வாரம் வெள்ளைச் சுடிதார் போடுவதில்லை. தலையணைக்கும் ஒரு பழைய உறை. குளிக்காத நாளில் ஈரத் துண்டால் மண்டையை மட்டும் துடைத்து, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து காயவிடுகிறேன். பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை வெளியே போனால் குடை. வெயிலும் தன் பங்குக்கு வெளுக்கத்தான் செய்யும். நீச்சல் குளத்துக் குளோரினில் ஆரஞ்சு ஒரே நாளில் வெளிறும். போயே ஆக வேண்டும் என்றால் நல்ல தண்ணியில் தலையை நனைத்து, கண்டிஷனரை அப்பிக்கொண்டு இறங்குங்கள்.

எண்ணெய் விஷயத்தில் அம்மாவும் நானும் ரொம்ப நாள் சண்டை. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை நான் விட்டுவிட்டதில் அவளுக்கு மனசு ஆறவில்லை. தேங்காய் எண்ணெயில் அவள் சொன்னது சரிதான். தேங்காய், சூரியகாந்தி, மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வந்த ஓர் ஆய்வு, முடியிலிருந்து புரதம் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான் என்றது. ப்ளீச் பட்ட முடிக்கு அது வேண்டியதுதான். ஆனால் எண்ணெயைப் போக்க சீயக்காயைப் போட்டு, வெந்நீரில் பரபரவென்று தேய்ப்பதில்தான் கலர் போகிறது. கடைசியில் சமாதானம் ஆனோம். குளிக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி, நுனியில் மட்டும் அரை ஸ்பூன்.

உடுப்பில் மயில்கழுத்து நீலம், கிளிப்பச்சை, கறுப்பு மூன்றும் ஆரஞ்சைத் தூக்கிக் காட்டும். மெரூன் புடவை கட்டினால் முடியும் புடவையும் ஒன்றோடொன்று சண்டை போடும், இது என் தங்கை கல்யாண ஆல்பத்தில் நிரந்தரமாகப் பதிவாகியிருக்கிறது.

பூவுக்கு வந்தால், கனகாம்பரம் வீண், வைத்ததே தெரியாது. முதல் முறை ஊரிலிருந்து வந்த அம்மா என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒனக்கு இனிமே பூச்செலவு மிச்சம்" என்றாள். மல்லி அழகாக எடுத்துக்கொடுக்கும், கோடையில் நன்றாகவும் கிடைக்கும். முடி நன்றாகக் காய்ந்த பிறகு வையுங்கள். போன சித்திரையில் நான் ஈரத் தலையில் ஒரு முழம் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டேன். ராத்திரி கழற்றினால் முடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் முழுக்கப் பூ ஆரஞ்சாக இருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "பூக்காரி ஏமாத்திட்டாளா?" என்றாள்.