மதுரையைக் கலைத்தால் மருதை வராது

விடையைச் சொல்விளையாட்டுக்குள் ஒளித்துவைக்கும் கிரிப்டிக் குறுக்கெழுத்தைப் புதிதாகப் போடுகிறவர்கள் குறிப்பை ஒரு செய்தி மாதிரி படித்துவிடுகிறார்கள். ‘தேர்தலில் பாதிதான் மாசி வீதியில் ஓடும் (2)’ என்றதும் பிரசார வண்டியும் ஒலிபெருக்கியும்தான் நினைவுக்கு வரும். புதிர் எழுதியவர் ஆசைப்பட்டதும் அதுதான். தேர்தலை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்: தே, ர், த, ல். முதல் பாதி தேர்; அடைப்புக்குறி சொல்கிறபடி இரண்டு எழுத்து. சித்திரைத் திருவிழாவில் மதுரையின் மாசி வீதிகளைச் சுற்றி வருகிறதே, அதே தேர். விடையின் நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கும். மீதிச் சொற்கள் விடையைக் கட்டும் வழி. இரண்டும் பிரியும் இடத்தில் முதலில் ஒரு கோடு போடுங்கள்.

ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று பிடித்துக்கொள்வதும் தவறு. ‘“கை வை” திரும்பினால் ஆறு (2)’ என்ற குறிப்பை அக்கா மகளிடம் பஸ்ஸில் சொன்னேன். ஐந்துக்கு அடுத்த ஆறு என்றே விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். மதுரை ஏ.வி. பாலத்தில் பஸ் ஏறியதும் ஜன்னல் வழியே கீழே பார்த்தவள், “மாமா, வைகை!” என்று கத்திவிட்டாள்.

அப்புறம், தமிழில் அதிகம் பேர் சறுக்குவது எழுத்தைக் கலைக்கும் குறிப்புகளில். நம் கட்டத்தில் நிற்பது எழுத்து, ஒலி இல்லை. எங்கள் பக்கம் பேச்சில் மதுரையை மருதை என்போம். காதுக்கு இரண்டும் இடம் மாறிய ஒரே சொல் போலத்தான் இருக்கும். ஆனால் மதுரையில் இருப்பவை ம, து, ரை. மருதையில் ம, ரு, தை. ஒன்றைக் கலைத்து மற்றதைக் கொண்டுவர முடியாது. உயிர்மெய்யை உடைக்காதீர்கள். புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிக் கட்டம் உண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

‘கை வாடக் குழம்பி, மாதந்தோறும் கொடுப்பது (3)’. இங்கே ‘குழம்பி’ கலைக்கச் சொல்கிறது. ‘வாட’வுக்குப் பின்னால் வரும் ‘க்’ சந்திக்காக வந்த ஒற்று; அதையும் சேர்த்தால் நான்கு எழுத்தாகிவிடும். அடைப்புக்குறியில் இருப்பதோ மூன்று. கை, வா, ட மட்டும் எடுத்தால் வாடகை.

அவசரமாக நிரப்புவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ‘சித்தி, துரையின் கடைசியோடு வரும் மாதம் (4)’ என்பதில் ‘மாதம்’ மட்டும் பார்த்து மார்கழி என்று எழுதிவிடுகிறார்கள். ஐப்பசிக்கும் பங்குனிக்கும்கூட நான்கு எழுத்துதான். சித்தியோடு துரையின் ‘ரை’யைச் சேர்த்துப் பார்த்திருந்தால் சித்திரை கிடைத்திருக்கும், குறுக்கே வரும் விடைகளும் கெட்டிருக்காது.