ஒரு ஆங்கிலச் சொல் 'உண்டா, இல்லையா' என்று சண்டை வந்தால்

போன வருடம் அலுவலக மின்னஞ்சல் ஒன்றில், நாலு மணிக் கூட்டத்தை மூன்று மணிக்கு ப்ரீபோன் செய்யலாமா என்று கேட்டிருந்தேன். அமெரிக்காவிலிருந்து ஒருவர், ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது, இந்தியர்கள் கட்டிவிட்டது என்று எல்லாருக்கும் நகல் போட்டுப் பதில் எழுதிவிட்டார். அகராதியைப் படிக்கத் தெரிந்திருந்தால் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன்.

முதலில் எந்த அகராதி என்று பாருங்கள். 'ஆக்ஸ்போர்டில் சேர்ந்துவிட்டது' என்று செய்தி வரும், ஆனால் ஆக்ஸ்போர்டு என்பது ஒரே அகராதி இல்லை. மாணவர்களுக்கானது வேறு, 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் ஒருவழியாக முடிந்த அந்தப் பெரிய வரலாற்று அகராதி வேறு. பெரியதில் ஒரு சொல் நுழைந்துவிட்டால் வழக்கொழிந்து போனாலும் வெளியேற்ற மாட்டார்கள், பக்கத்தில் சிலுவை மாதிரி ஒரு குறி போட்டு அப்படியே வைத்திருப்பார்கள்.

அடுத்து, அந்தச் சொல்லை யார், எப்போது எழுதினார்கள் என்று காட்டும் மேற்கோள்களுக்குப் போங்கள். சண்டையில் ஜெயிக்க வைப்பது இந்த இடம்தான். ப்ரீபோனுக்கு, இன்றைய பொருளில் பெரிய ஆக்ஸ்போர்டு காட்டும் முதல் மேற்கோள் 1913 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு வாசகர் கடிதம்! போஸ்ட்போனுக்கு எதிராக ஒரு சொல் வேண்டாமா, நான் உருவாக்கிக்கொள்ளட்டுமா என்று அதை எழுதியவர் கேட்கிறார். அங்கே எடுபடவில்லை, இங்கே ஓடுகிறது. சரி, அதே பதிவில் இந்திய வழக்கு என்ற அடையாளமும் இருக்கிறது, அதனால் அமெரிக்கருக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துத்தான் ஆகவேண்டும். இந்த அடையாளங்களை யாருமே படிப்பதில்லை. சொல் இருக்கிறதா என்பதைவிட, அதை எங்கே, யாரிடம் பயன்படுத்தலாம் என்பதை அவைதான் சொல்கின்றன.

பொருள்களின் வரிசையில் ஒரு பொறி உண்டு. பெரிய ஆக்ஸ்போர்டில் பழைய பொருள்தான் முதலில் வரும், அதனால் நைஸ் என்று தேடினால் எடுத்த எடுப்பில் 'முட்டாள்' என்று இருக்கும், பயந்துவிடாதீர்கள். அறியாதவன் என்ற லத்தீன் சொல்லில் கிளம்பி, நாணம், நுணுக்கம் என்று எங்கெங்கோ சுற்றி இனிமைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நம் வீட்டில் மாவை நைஸாக அரை என்கிறோமே, அது அந்த நுணுக்கப் பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நைஸாக நழுவினான் என்பது எந்த ஆங்கில அகராதியிலும் கிடைக்காது, அது நம்முடைய சொந்தச் சரக்கு.

இதேபோல் கட்டமரான் என்று தேடினால் சொற்பிறப்பில் தமிழ் என்று இருக்கும், பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் இன்று அது இரட்டை உடல் கொண்ட படகு. மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் கட்டுமரத்துக்கு உடல் என்று தனியாக ஏது?

புதுச்சொல் என்றால் கொஞ்சம் பொறுங்கள். பலர், பல இடங்களில், ஒரே பொருளில், விளக்கம் சொல்லாமலே எழுதுகிறார்களா என்று தொகுப்பாளர்கள் பார்ப்பார்கள். ஒரு வாரம் மட்டும் எல்லார் கைபேசியிலும் ஓடும் சொல் அங்கே நிற்காது.

அப்புறம், அகராதியையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். 1934ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியில் 'டார்டு' என்றொரு சொல், பொருள் அடர்த்தி. உண்மையில் அது 'D or d', அதாவது பெரிய டி அல்லது சின்ன டி என்பது அடர்த்தியின் சுருக்கம் என்று குறித்த ஒரு துண்டுச்சீட்டு, இடைவெளி தெரியாமல் ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். 1939இல் அந்த அகராதியின் தொகுப்பாசிரியர் ஒருவர், இந்தச் சொல்லுக்குப் பிறப்பு விவரமே இல்லையே என்று தோண்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஊர்பேர் தெரியாத சொல்லுக்குக்கூட 'பிறப்பு தெரியவில்லை' என்றாவது போட்டிருப்பார்கள். அந்த இடம் காலியாக இருந்தால் வேறொரு அகராதியையும் புரட்டிப் பாருங்கள்.