மலை ரோட்டுக்கு எஸ்யூவியில பெரிய டயர்: லிஃப்ட் எவ்வளவு, எந்த மாதிரி

வண்டிய உயர்த்துற லிஃப்ட் கிட் எது வாங்கலாம்னு தேட முன்ன எந்த சைஸ் டயர் போடப் போறீங்கனு முடிவு பண்ணுங்க. டயர் உரசாம சுத்துறதுக்கு எவ்வளவு இடம் வேணுமோ அவ்வளவுதான் லிஃப்ட், அதுக்கு மேல ஏத்துற ஒவ்வொரு இஞ்சும் நம்ம இலங்கை மலையகத்து றம்பொடை இறக்கத்துலயும் கினிகத்தேனை வளைவுலயும் உங்களுக்கு எதிராத்தான் வேலை செய்யும். நம்ம பக்கம் எல்லாரும் வண்டி எப்படி ஏறுதுன்னுதான் பேசுறாங்க, ஆனா டயரும் லிஃப்டும் தெரிவு பண்ணும்போது எப்படி இறங்கும்னு யோசிச்சுத்தான் முடிவெடுக்கணும்.

முதல்ல ஒண்ணு தெளிவா இருக்கட்டும், டயர் செய்ற வேலை வேற, லிஃப்ட் செய்ற வேலை வேற. ஜிம்னி, பழைய டிஃபென்டர் மாதிரி முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு வீலையும் இணைக்கிற முழு அக்ஸல் உள்ள வண்டில ஸ்பிரிங் மாத்தி 2 இஞ்ச் தூக்குனாலும் பொடிதான் மேல போகும், அக்ஸல் நடுவுல உருண்டையா இருக்கிற டிஃபரன்ஷியல் இருந்த எடத்துலயேதான் இருக்கும். கொழுந்து லொறி ஓடி ஓடி ரெண்டு பக்கமும் பள்ளமாகி நடுவுல கல்லு மேடு நிக்கிற தோட்டத்து ரோட்ல அடி வாங்குறதே அந்த டிஃபரன்ஷியல்தான், அத தூக்குறது டயர் மட்டும்தான், அதுவும் விட்டத்துல கூடுறதுல பாதிதான் கிடைக்கும். மொன்டரோ, பிராடோ, கிராண்ட் விட்டாரா மாதிரி முன்னுக்கு ரெண்டு வீலும் தனித்தனியா ஆடுற வண்டில முன் டிஃபரன்ஷியலும் சேந்து ஏறும், ஆனா வீல வண்டியோட இணைக்கிற கீழ் ஆர்ம் வீல் பக்கத்துல அப்படியே தாழ்வாத்தான் இருக்கும்.

டயர்ல எழுதியிருக்கிற நம்பர வச்சே கணக்கு பாத்துக்கலாம். கிராண்ட் விட்டாராவுக்கு வர்ற 225/70ஆர்16 எடுங்க. அகலம் 225 மில்லிமீற்றர், பக்கச் சுவர் அதுல 70 சதவீதம், அதாவது 157.5, மேலயும் கீழயும் சேத்து 315, அதோட 16 இஞ்ச் ரிம்முக்கு 406 கூட்டினா 721 மில்லிமீற்றர். அதையே 225/75ஆர்16 ஆக்கினா 744. விட்டம் 3 சதவீதம் கூடுது, வண்டி நிலத்துல இருந்து 11 மில்லிமீற்றர் உயருது. பிராடோல 265/65ஆர்17 இருந்த எடத்துல 265/70ஆர்17 போட்டா 776ல இருந்து 803, அதாவது 13 மில்லிமீற்றர் உயரம். 2018க்கு பிறகு வந்த ஜிம்னில 195/80ஆர்15 கழட்டிட்டு பலரும் ஆசப்படுற 235/75ஆர்15 போட்டா 693ல இருந்து 734, கிட்டத்தட்ட 6 சதவீதம், உயரம் 20 மில்லிமீற்றர்.

என் கணக்குக்கு 3 சதவீதம் வரைக்கும் போற டயருக்கு பெரும்பாலான வண்டில லிஃப்டே தேவப்படாது, தேவப்பட்டாலும் 25, 30 மில்லிமீற்றர் போதும். 6 சதவீதம் போனா 40ல இருந்து 50 மில்லிமீற்றர் லிஃப்ட் வேணும், முன் பம்பர் ஓரமோ மட்கார்ட் உள் பிளாஸ்டிக்கோ கொஞ்சம் வெட்டவும் வரும். அதுக்கு மேல போனா கியர் ரேஷியோ, பிரேக், ஸ்டீயரிங்னு ஒண்ணொண்ணா மாத்த வேண்டி வரும், தினமும் பிள்ளைகள ஸ்கூலுக்கு கொண்டு போற வண்டிக்கு அது வேண்டாத வேலை.

இப்ப இறக்கத்துக்கு வருவோம். டயர் விட்டம் 6 சதவீதம் கூடினா எல்லா கியரும் 6 சதவீதம் நீளமான மாதிரி ஆகிடும். ஏத்தத்துல இழுவை குறையுறது உடனே தெரியும், ரெண்டாவதுல போன எடத்துல முதலாவது போடணும், அத ஆக்சிலேட்டர மிதிச்சு சமாளிச்சிடலாம். ஆனா அதே அளவு எஞ்சின் பிரேக்கும் குறையுது, அது இறங்கும்போதுதான் தெரியும். நுவரெலியாவுல இருந்து கம்பளைக்கு, ஹட்டன்ல இருந்து கித்துல்கலைக்கு, எல்லயில இருந்து வெல்லவாயவுக்கு, இந்த மாதிரி நீளமான இறக்கத்துல வண்டிய புடிச்சு வச்சிருக்கிறது கியர்தானே, அது கொஞ்சம் விடுறப்ப மிச்ச பாரம் பிரேக் பேட்ல வருது, அங்கயும் டயர் பெருசா இருக்கிறதால அதே மிதிக்கு வண்டி நிக்கிற பலம் 6 சதவீதம் குறைவு, டயர் ஒண்ணுக்கு சில கிலோ பாரமும் கூடியிருக்கு. பேட் சூடேறி பெடல் கீழ போக ஆரம்பிச்சா அப்பறம் செய்றதுக்கு ஒண்ணுமில்ல. அதனால டயருக்கு காசு ஒதுக்கும்போதே நல்ல பிரேக் பேட்டுக்கும் புது பிரேக் ஒயிலுக்கும் ஒதுக்குங்க, பிரேக் ஒயில் ஈரத்த உறிஞ்சும், பழசானா குறைஞ்ச சூட்டுலயே கொதிக்கும். ரெண்டு வருசத்துக்கு மேல மாத்தலனா லிஃப்ட பத்தி பேச முன்னவே அத மாத்திடுங்க.

ஸ்பிரிங் வாங்க முன்ன வண்டி இப்ப எவ்வளவு உயரத்துல நிக்குதுனு அளந்து எழுதி வைங்க. வீல் நடு மையத்துல இருந்து மட்கார்ட் விளிம்பு வரைக்கும், நாலு வீலுக்கும், டாங்க் பாதிக்கு மேல இருக்கும்போது. நம்ம ஊர்ல மட்டமான தரை கிடைக்கிறது கஷ்டம், காத்தாலயே போய் பெட்ரோல் ஷெட் கொங்கிரீட்ல கேட்டு நிறுத்தி அளக்கலாம். இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, 2020ல நின்ன இறக்குமதி 2025லதான் திரும்ப தொடங்கிச்சு, அதனால நம்ம கிட்ட நிறைய பழைய வண்டிக ஓடுது, பதினஞ்சு இருபது வருசமான மொன்டரோல ஸ்பிரிங் தளர்ந்து 20, 30 மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறது சாதாரணம். அந்த வண்டிக்கு கம்பெனி உயரத்துக்கு புது ஸ்பிரிங்கும் புது ஷொக்கும் போட்டாலே நீங்க தேடுன இடம் பாதி கிடைச்சிடும். அளக்காம 2 இஞ்ச் கிட் போட்டா உங்க கண்ணுக்கு 3 இஞ்ச் ஏறுன மாதிரி நிக்கும், ஆர்ம், வீல சுத்த வைக்கிற சிவி ஷாஃப்ட் எல்லாம் சாய்வா இழுத்துக்கிட்டு நிக்கும்.

லிஃப்ட் வகைனு பாத்தா மலிவானது ஸ்பேசர், அதாவது ஸ்பிரிங் மேலயோ, ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒண்ணா சேந்த ஸ்ட்ரட் மேலயோ வைக்கிற அலுமினியம் இல்லாட்டி பொலியூரிதேன் கட்டை. ஸ்பிரிங்கும் ஷொக்கும் நல்ல நிலைல இருந்து 20, 30 மில்லிமீற்றர்தான் வேணும்னா இதுவே போதும். ஒண்ணு கவனிங்க, மொன்டரோ, பிராடோ முன்னுக்கு ஷொக்கு ஆர்ம் நடுவுல உட்கார்றதால ஸ்ட்ரட் மேல போடுற 1 இஞ்ச் கட்டை வீல்கிட்ட கிட்டத்தட்ட 2 இஞ்ச் ஆகும். கடைல கட்டையோட தடிப்ப சொல்றாங்களா, வீல்ல வர்ற உயரத்த சொல்றாங்களானு கேட்டுத்தான் வாங்கணும். எக்ஸ்-ட்ரெயில், வெசல் மாதிரி வண்டிகளுக்கு 30 மில்லிமீற்றர தாண்டவே வேண்டாம், சிவி ஜொயின்ட மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் வெளிய வர ஆரம்பிச்சிடும்.

1990கள்ல வந்த பழைய பஜேரோவுக்கு முன்னுக்கு கொயில் இல்ல, டோர்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங் வேலை செய்ற இரும்புக் கம்பி. கராஜ்ல போல்ட முறுக்கி காசு இல்லாமலே உயரம் எடுத்து தருவாங்க. கொஞ்சம் முறுக்கலாம், நிறைய முறுக்கினா வீல் கீழ இறங்குற தூரம் முடிஞ்சு போகும், பள்ளத்துல வீல் தொங்கும்போது டக்குனு அடிக்கும்.

நல்ல வழினா ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒரே கம்பெனில சோடியா வாங்குறதுதான். ஓல்ட் மேன் எமு, அயன்மேன், டஃப் டோக், டொபின்சன்ஸ் எல்லாம் ஒரே வண்டிக்கு பாரத்த வச்சு ரெண்டு மூணு வகை ஸ்பிரிங் செய்றாங்க. இங்கதான் நிறைய பேர் தவறான ஸ்பிரிங்க எடுக்கிறாங்க, ஸ்டீல் பம்பரும் வின்ச்சும் வச்ச வண்டிக்கு செஞ்ச கட்டி ஸ்பிரிங்க வெறும் வண்டிக்கு போட்டா கல்லு ரோட்ல வீல் தரையில நிக்காது, துள்ளித் துள்ளி வளைவுல வெளிப்பக்கமா நகரும், ஈரத்துல அது ஆபத்து. பம்பர் கம்பெனி பம்பர்தான், வண்டில நாலஞ்சு பேரும் மரக்கறி மூட்டையும்தான் போகுதுனா முன்னுக்கு சாதாரண பாரம், பின்னுக்கு நடுத்தர பாரம்னு எடுங்க. பஞ்சிகாவத்தையில ஜப்பான் யூஸ்ட் ஸ்பிரிங் கிடைக்கும், ஸ்பிரிங்க பாத்து வாங்கலாம், யூஸ்ட் ஷொக் மட்டும் வாங்காதீங்க, உள்ள என்ன நிலைனு வெளிய இருந்து சொல்ல முடியாது.

பொடி லிஃப்ட், அதாவது பொடிக்கும் சேசிக்கும் நடுவுல கட்டை வைக்கிறது, நம்ம ரோட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

லிஃப்ட் போட்ட பிறகு கூடவே பாக்க வேண்டிய விசயங்கள்ல முக்கியமானத ஒருத்தரும் சொல்றதில்ல. சில வண்டில பின் அக்ஸலுக்கும் சேசிக்கும் நடுவுல ஒரு கம்பி போகும், அது பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் குடுக்கணும்னு பாரத்த வச்சு தீர்மானிக்கிற வால்வோட கம்பி. பின்பக்கம் தூக்குன உடனே வால்வு வண்டில பாரமே இல்லனு நினைச்சு பின் பிரேக்க குறைச்சிடும், முன் பிரேக் மட்டும் வேலை செஞ்சு சூடேறும். லிஃப்ட் போட்ட அளவுக்கு அந்த கம்பியோட பிராக்கட்டையும் உயர்த்தி செட் பண்ணணும். உங்க வண்டில அது இருக்கானு கராஜ் பாஸ்கிட்ட கேட்டு கண்ணால பாருங்க. அதோட பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், வீல் முழுசா கீழ தொங்கும்போது இழுபடக்கூடாது.

ஜிம்னி மாதிரி வண்டில முன்னுக்கு தூக்கினா கேஸ்டர் கோணம், அதாவது ஸ்டீயரிங்க நேரா வச்சிருக்கிற முன் வீல் அச்சோட சாய்வு, குறையும், ஸ்டீயரிங் நேரா நிக்காம அலையும், வளைவுல இருந்து தானா திரும்பி வராது, அதுக்கு கேஸ்டர் சரி பண்ற புஷ் போடணும். அக்ஸல பக்கவாட்டுல அசையாம புடிக்கிற பன்ஹார்ட் ரொட், தூக்குன பிறகு அக்ஸல ஒரு பக்கமா இழுக்கும், 40 மில்லிமீற்றருக்கு மேல போனா நீளம் மாத்தக்கூடிய ரொட் நல்லது.

டயர் அகலத்துல ஆசப்படாதீங்க. உயரம் வேணும், அகலம் வேண்டாம், ஏன்னா அகலமான டயர் ஃபுல் லொக்ல, அதாவது ஸ்டீயரிங்க முழுசா திருப்பும்போது, சேசியிலயோ ஆர்ம்லயோ உரசும், உரசாம இருக்க ஸ்டீயரிங் ஸ்டொப்பருக்கு வாஷர் வச்சு திரும்புற அளவ குறைப்பாங்க, அப்பறம் தோட்டத்து ரோட்ல ஒரே தடவையில எடுத்த கொண்டை ஊசி வளைவ ரிவர்ஸ் போட்டு ரெண்டு தடவையா எடுக்கணும், ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் பள்ளம், பின்னால கொழுந்து லொறி. இதுக்காகவே கம்பெனி ரிம்மையே வச்சுக்கிட்டு டயர் உயரத்த மட்டும் கூட்டுங்கனு சொல்றேன். வகைனு பாத்தா தாருக்கும் கல்லு மண்ணுக்கும் பொதுவான ஏடி (ஆல் டெரெய்ன்) டயர்தான். எம்டி (மட் டெரெய்ன்) டயர் சேத்துல நல்லா புடிக்கும், ஆனா மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தார் ரோடு காயுறதே குறைவு, நனைஞ்ச தார்ல எம்டி டயர் வழுக்கும், பாரமும் கூட. டயர் பக்கத்துல நாலு இலக்கம் இருக்கும், 2324னா 2024ல 23ஆவது வாரம் செஞ்சது. கடைல பல வருசமா கிடந்த டயர விலை குறைவுனு எடுக்காதீங்க. லோட் இண்டெக்ஸ், அதாவது டயர் தாங்குற பாரத்த காட்டுற நம்பர், பழைய டயர்ல இருந்தத விட குறையவும் கூடாது.

பூட்டும்போது பக்கத்துல நின்னு ஒரு விசயத்த பாத்துக்கோங்க, ஆர்ம் புஷ் போல்ட்டுகள ஜெக்ல வண்டி தொங்கும்போது இறுக்கக்கூடாது, வண்டிய தரையில இறக்கி பாரம் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கும்போது இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழியும். அன்னைக்கே வீல் அலைன்மென்ட், 500 கிலோமீற்றர் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு திரும்பவும் ஒருக்கா. வீல் நட் எல்லாம் முதல் 100 கிலோமீற்றருக்குள்ள இறுக்கி பாருங்க.

உரசல் பாக்குறதுக்கு கராஜ் வாசல்ல ஸ்டீயரிங்க திருப்பி பாத்தா பத்தாது. வீட்டு ஆளுங்கள ஏத்திக்கிட்டு, மெதுவா ஒரு முன் வீல மேடான கல்லு மேல ஏத்தி, மறு பக்க வீல் தாழ்ந்து நிக்கும்போது ரெண்டு பக்கமும் ஃபுல் லொக் வரைக்கும் திருப்புங்க, ஒருத்தர் இறங்கி வெளிய நின்னு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல எத்தன விரல் போகுதுனு பாக்கட்டும். ரிவர்ஸ்லயும் பாக்கணும், சில வண்டி முன்னுக்கு போகும்போது உரசாது, பின்னுக்கு எடுக்கும்போது மட்ஃப்ளெப்ல புடிக்கும்.

லைட் கோணத்த கீழ இறக்குங்க. வண்டி முன்பக்கம் ஏறினா லைட்டும் ஏறும், அப்புத்தளையில பனிமூட்டத்துக்குள்ள எதிர்ல வர்றவருக்கு கண்ணு தெரியாது, உங்களுக்கும் பனியில பட்டு வெள்ளைச் சுவராத்தான் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாத்துனத எழுத்துல அறிவிங்க, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துலயும் வேலை தொடங்க முன்னவே கேட்டுக்கோங்க. மீற்றர் சரியா காட்டுற வண்டியா இருந்தா 6 சதவீதம் பெரிய டயர்ல 60னு காட்டும்போது உண்மையில 63, 64ல போறீங்க. அம்மாயி, அப்பாயி ஏறி இறங்குற வண்டினா பக்கப் படி போட்டுக்கோங்க.

டயர் வாங்கும்போது நாலு இல்ல, அஞ்சு வாங்குங்க. ஸ்பெயார் பழைய சைஸ்ல இருந்தா பங்க்சர் ஆன அன்னைக்கு ஒரு வீல் மட்டும் சின்னதா சுத்தும், பிராடோ மாதிரி எப்பவும் நாலு வீலும் இழுக்கிற வண்டில டிஃபரன்ஷியல் தேவையில்லாம வேலை செஞ்சு சூடேறும், தேவைக்கு மட்டும் நாலு வீல் போடுற வண்டியா இருந்தா அந்த ஸ்பெயாரோட தார் ரோட்ல ஃபோர் வீல் போடவே கூடாது. பின் கதவுல தொங்குற ஸ்பெயார்னா புது டயர் பம்பர்ல முட்டுதானு வாங்க முன்ன அளந்து பாருங்க, கதவு பிணைச்சல் அந்த கூடுதல் பாரத்த தாங்குதானும் ஆட்டி பாருங்க.