நெடி அடித்தால் குளோரின் இருக்கிறதா? ஸ்பிளாஷ் பேடில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மதுரைக்கு வெளியே ஒரு குடியிருப்புப் பூங்காவுக்குப் போயிருந்தேன். புதிதாக ஸ்பிளாஷ் பேட் திறந்திருக்கிறார்கள். தரையிலிருந்து பீறிடும் தண்ணீரில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போனதுமே குளோரின் நெடி மூக்கில் ஏறியது. பொறுப்பில் இருந்த தம்பி சொன்னார்: “நெடி தூக்குதுண்ணே, பிள்ளைகளுக்குக் கண்ணு எரியுதாம். அதான் ரெண்டு நாளா குளோரின் மருந்து போடல.”

ஏழு வருடத்துக்கு முன், நான் நடத்தும் ஸ்பிளாஷ் பேடில் நானும் இதையேதான் செய்தேன். மற்றவர்களாவது செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். தரை வழுக்கக் கூடாது, கண்ணாடி பாட்டில் உள்ளே வரக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நெடியை வைத்துக் குளோரினை அளப்பது

நல்ல குளோரின் உள்ள தண்ணீரில் நெடி அவ்வளவாக இருக்காது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால் குளோரமின் உண்டாகிறது. மூக்கில் ஏறுவதும் கண்ணை எரிப்பதும் அதுதான். நெடி கூடினால், கிருமியைக் கொல்லும் குளோரின் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் மருந்தை நிறுத்துவதை விடக் கெடுதல் வேறில்லை.

நான் நிறுத்தியது சித்திரைத் திருவிழா வாரத்தில். ஊரே வெளியூர்ச் சொந்தங்களால் நிறைந்திருந்தது. சாயங்காலம் ஆனால் பூங்காவில் பிள்ளைகள் கூட்டம். குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தேன், மஞ்சள் நன்றாகவே வந்தது. ‘அதான் இருக்கே’ என்று நிம்மதியாகிவிட்டேன். நான்காம் நாள் ஒரு அம்மா வந்து, தன் இரண்டு பிள்ளைகளுக்கும் வயிற்றுப்போக்கு என்றார். அப்புறம் இன்னொருவர், இன்னும் இருவர். 18 நாள் பூட்டி வைத்தோம். பீறிட்ட தண்ணீர் திரும்பி வந்து சேரும் தொட்டியான சம்பை இரண்டு முறை காலி செய்து கழுவி, ஃபில்டர் மணலை மாற்றி, லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பினோம். செலவைக்கூட மறந்துவிடலாம், அந்த அம்மாவின் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

எங்கே தவறினேன்? குடிநீர்த் தொட்டியில் பார்க்கும் அந்த மஞ்சள் சொட்டு மருந்து ஆர்த்தோடாலிடின். நல்ல குளோரின், குளோரமின் இரண்டுக்குமே அது மஞ்சள் காட்டும். ஸ்பிளாஷ் பேடுக்கு டிபிடி என்ற சோதனை மாத்திரைதான் வேண்டும். முதல் மாத்திரையில் வரும் இளஞ்சிவப்பு, வேலை செய்யும் குளோரினைக் காட்டும். அது லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். அடுத்த மாத்திரைக்குப் பிறகு நிறம் ஏறினால், ஏறிய அளவு குளோரமின்.

நீச்சல் குளம் நடத்திய அனுபவம் இங்கே அப்படியே உதவாது. 25 மீட்டர் குளத்தில் சில லட்சம் லிட்டர் தண்ணீர் இருக்கும். எங்கள் சம்பில் 8,000 லிட்டர்தான், நூறு பிள்ளைகளின் வியர்வையும் அதில்தான் வந்து விழும். போதாததற்கு நம்ம ஊர் சித்திரை வெயில். நேரடி வெயிலில் குளோரின் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். காலையில் ஒரு முறை போட்டுவிட்டு மாலை வரை விட்டுவிடுவது இங்கே நடக்காத காரியம். கூட்டம் இருக்கும்போது மணிக்கு ஒரு முறை பாருங்கள், இல்லையென்றால் தானாக மருந்து விடும் பம்ப் வையுங்கள்.

அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பிஎச் 7.5-ல் குளோரினில் பாதி வேலை செய்யும், 8.5-ல் பத்தில் ஒரு பங்குதான். பிளீச்சிங் பவுடர் பிஎச்சை ஏற்றும், சுண்ணாம்பையும் சேர்க்கும். போர் தண்ணீர் ஏற்கெனவே உப்பு. இரண்டும் சேர்ந்தால் தண்ணீர் பீறிடும் நாசில் ஒவ்வொன்றாக அடைபடும். நான் இப்போது திரவ ஹைப்போகுளோரைட்டுக்கு மாறிவிட்டேன். அதுவும் பிஎச்சை ஏற்றத்தான் செய்யும், ஆனால் சுண்ணாம்பு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி நிழலில் வையுங்கள், வெயில் பட்டால் வீரியம் போய்விடும்.

குளோரின் மட்டும் போதும் என்று இருப்பது

கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, சரியான அளவு குளோரினிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். 2005-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், செனெகா ஏரிப் பூங்காவின் ஸ்பிளாஷ் பேடிலிருந்து அது ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பரவியது. தண்ணீர் நாசிலுக்குப் போகும் வழியில் புற ஊதா விளக்கு வைப்பது இதற்காகத்தான். ‘தண்ணி நல்லாத்தானே இருக்கு’ என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைத் திருப்பி அனுப்பத் தயங்கவும் வேண்டாம். பெற்றவர்கள் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

ஆசிட்டையும் குளோரினையும் ஒரே அறையில் வைப்பது

கூடவே கூடாது. இரண்டும் கலந்தால் விஷவாயு.

பம்ப் அறையில் ஆர்சிசிபி இல்லாமல் ஓட்டுவது

மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அது. 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைப் போட்டுவிட்டுத் திறங்கள்.

மழைக்காலத்தில் சம்பை அப்படியே விடுவது

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் கூட்டம் வராது, நாமும் எட்டிப் பார்க்க மாட்டோம். குளோரின் இல்லாத சம்பு டெங்கு கொசுவுக்குத் தொட்டில். காலி செய்து, கழுவி, இடுக்கு இல்லாமல் மூடுங்கள். தரையில் உள்ள வடிகால் குழிகளிலும் தண்ணீர் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னபோது, கையோடு ஒரு குழி மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே புழு நெளிந்துகொண்டிருந்தது.