சிறு பாய்மரப் படகில் குளியல் நீரையும் பில்ஜ் நீரையும் வெளியேற்றுவது எப்படி?

சிறிய பாய்மரப் படகில் குளியலறைத் தரை பெரும்பாலும் கடல்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும். அங்கே ஓட்டை போட்டால் நீர் வெளியே போகாது, கடல்தான் உள்ளே வரும். ஆகவே குளித்த நீரை ஒரு பம்ப்தான் மேலே தூக்கி வெளியே தள்ள வேண்டும். பழைய படகுகள் பலவற்றில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. குளியல் நீரை அப்படியே பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், விட்டுவிடுவார்கள். பில்ஜ் பம்ப்தான் எப்படியும் இருக்கிறதே என்ற கணக்கு.

இந்தக் கணக்கு தப்பு. தலைமுடி பம்பின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். நீர் ஏறும்போது மிதந்து பம்பை இயக்கும் மிதவை சுவிட்சில் சோப்புப் பிசுக்கு படிந்து அதை அசைய விடாது. நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நிஜமாகவே நீர் ஏறும் நாளில் பம்ப் ஓடாமல் நின்றால் என்ன செய்வது? தவிர, பில்ஜ் எப்போதும் காய்ந்திருந்தால்தான் புதிதாக வந்த ஒரு குவளை நீரும் உங்கள் கண்ணில் படும். எனவே இரண்டுக்கும் தனித்தனிப் பம்ப், தனித்தனி ஹோஸ், தனித்தனி வெளிவாய் (நீர் வெளியேறப் படகுச் சுவரில் போடும் ஓட்டை). ஓட்டை ஒன்றை மிச்சப்படுத்த ‘T’ வடிவ இணைப்பான் போட்டு இரண்டு ஹோஸையும் சேர்த்தால், ஒரு பம்ப் தள்ளும் நீர் மற்றதன் வழியே படகுக்குள்ளேயே திரும்பும்.

முதல் வேலை: குளியல் நீர்

தேவையானவை: மூடி போட்ட சம்ப் பெட்டி, அதாவது குளித்த நீர் வந்து சேரும் சிறு தொட்டி (வடிகட்டி, மிதவை சுவிட்ச், மணிக்கு 1900 லிட்டர் அளவுள்ள சிறு பம்ப் மூன்றும் உள்ளேயே பொருத்தி விற்கிறார்கள்), உட்புறம் வழவழப்பான ஹோஸ், 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு கிளாம்ப்கள், வெளிவாய் ஒன்று. ஷவரில் நிமிடத்துக்கு 5 அல்லது 6 லிட்டர் வந்தால் மணிக்கு 360 லிட்டரைத் தாண்டாது. சிறு பம்பே தாராளம்.

1. பெட்டியைக் குளியலறை வடிகால் வாயைவிடத் தாழ்வான இடத்தில் திருகி இறுக்குங்கள். மூடியைத் திறக்கக் கை போகிற இடமா என்று முதலிலேயே பாருங்கள். கை போகாத பெட்டியை யாரும் சுத்தம் செய்வதில்லை.

2. வடிகாலிலிருந்து பெட்டிக்கு 25 மி.மீ. அல்லது அதைவிடப் பெரிய ஹோஸ். மீட்டருக்கு 2 செ.மீ. வீதம் சரிவு வேண்டும், நடுவில் தொய்வு கூடாது. தொய்வில் தேங்கும் சோப்பு நீர்தான் நாற்றத்துக்கு முக்கியக் காரணம். படகு சாய்ந்து ஓடும்போது இந்தச் சரிவு தலைகீழாகலாம். அப்போது குளிக்காமல் இருப்பதே எளிது.

3. பெட்டியிலிருந்து வெளியேறும் ஹோஸை டெக்கின் அடிவரை மேலே ஏற்றி, வளைத்து, வெளிவாய்க்கு இறக்குங்கள். வெளிவாய் நீர்க்கோட்டுக்கு (படகுச் சுவரில் கடல்நீர் தொடும் மட்டம்) மேலே, எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு.

4. மின்சாரத்தை சுவிட்ச் பலகை வழியாகக் கொடுங்கள். பிசுக்கு பிடித்த மிதவை மேலேயே சிக்கிக்கொண்டால் பம்ப் நிற்காமல் ஓடும், பேட்டரி காலியாகும், நீரில்லாமல் ஓடிய பம்பின் சீலும் போகும். குளித்து முடித்ததும் பலகையில் அணைத்துவிடுங்கள்.

ஐஸ் பெட்டியில் உருகும் நீருக்கும் இதே சம்ப் நல்ல இடம். பால், இறைச்சி கலந்த அந்த நீரும் பில்ஜுக்குள் போகக் கூடாது.

குளியலறைத் தட்டு ஆழமாக இருந்தால் சம்ப் பெட்டியே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. ரப்பர் சவ்வை அசைத்து நீரை இழுக்கும் டயாஃப்ரம் பம்ப் ஒன்றைத் தள்ளி வைத்து, குளியலறையில் ஒரு பொத்தான் வைத்தால் போதும். அது நீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், சற்று நேரம் நீரின்றி ஓடினாலும் தாங்கும். ஆனால் பம்புக்கு முன்னால் வடிகட்டி கட்டாயம். ஒரே ஒரு முடி ரப்பர் வால்வின் அடியில் மாட்டினாலும், சத்தம் வரும், தண்ணீர் ஏறாது.

இரண்டாவது வேலை: பில்ஜ்

படகு நங்கூரத்தில் நிமிர்ந்து நிற்கும்போது எது மிகத் தாழ்வான இடமோ, அங்கே பம்ப். ஆளில்லாத நேரம்தான் தானியங்கிப் பம்புக்கு வேலை. அதற்கு முன், குறுக்குச் சட்டங்களில் நீர் வழிந்தோட விட்டிருக்கும் துளைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். அவை அடைத்திருந்தால் முன்பகுதியில் நீர் ஏறிக்கொண்டிருக்கும், பின்னால் பம்ப் சும்மா கிடக்கும்.

இனி, பம்பின் அளவு. பெட்டியில் அச்சிட்ட எண், ஹோஸும் இல்லாமல் உயரமும் ஏற்றாமல் அளந்தது. ஒன்றரை மீட்டர் உயரமும் சில வளைவுகளும் சேர்ந்தால் பாதிகூடக் குறையலாம். மறுபக்கம் பாருங்கள்: நீர்க்கோட்டுக்கு அரை மீட்டர் கீழே 25 மி.மீ. துளை விழுந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 55 லிட்டர், மணிக்கு 3300 லிட்டர் உள்ளே வரும். ‘3000’ என்று எழுதிய பம்ப் இதற்கு ஈடுகொடுக்காது. ‘7500’ என்று எழுதியதை வாங்கினாலும், ஓட்டையை நீங்கள் கண்டுபிடித்து அடைக்கும்வரை அவகாசம் வாங்கித் தருவது மட்டுமே அதன் வேலை. வசதி இருந்தால் அடியில் தினசரிச் சொட்டுக்கு ஒரு சிறு பம்ப், அதற்கு 10 செ.மீ. மேலே ஆபத்துக்கு ஒரு பெரிய பம்ப். மேலே உள்ளது ஓடினால் மணி அடிக்கும்படி செய்யுங்கள்.

சுருள் வரி உள்ள மலிவு ஹோஸ் எளிதாக வளையும், ஆனால் உள்வரிகள் ஓட்டத்தைத் தடுக்கும். வழவழப்பானதையே வாங்குங்கள். பம்பின் வாய் என்ன அளவோ ஹோஸும் வெளிவாயும் அதே அளவு, எங்கும் சுருக்கக் கூடாது.

தொடக்கநிலையாளர் எல்லாரும் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. 25 மி.மீ. ஹோஸ் 3 மீட்டர் நீளம் என்றால் அதற்குள் நிற்கும் நீர் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். பம்ப் நின்றதும் அது பில்ஜுக்கே திரும்பும். ஒடுங்கிய பில்ஜில் அந்த ஒன்றரை லிட்டரே மிதவையைத் தூக்கிவிடும். மறுபடி ஓட்டம், மறுபடி திரும்பல், விடிய விடிய. உடனே ஹோஸில் ஒருவழி வால்வு போடத் தோன்றும். போடாதீர்கள். அதில் குப்பை சிக்கினால் நீர் வெளியேறாது. அதோடு, வால்வுக்கு மேலே நிற்கும் நீரின் எடை பம்பில் காற்றைச் சிறைப்படுத்தும். விசிறி வைத்த இந்த வகைப் பம்புக்குக் காற்றைத் தள்ளத் தெரியாது. மிதவையைச் சற்று உயர்த்தி, அது ஏறி இறங்கும் இடைவெளியில் இரண்டு லிட்டராவது அடங்கும்படி செய்வதுதான் சரி. அடியில் உள்ள சிறு பம்புக்கு 19 மி.மீ. ஹோஸ் என்றால் திரும்பும் நீர் 0.85 லிட்டர்தான்.

அடுத்த ஆபத்து சைஃபன். படகு சாயும்போது வெளிவாய் நீருக்குள் மூழ்கலாம். ஹோஸ் நிறைய நீர் இருந்தால், பம்ப் நின்ற பிறகும் கடல் அதே வழியில் உள்ளே வரும். ஹோஸை வெளிவாயைவிட உயரமாக, படகின் நடுக்கோட்டை ஒட்டி வளைத்து, உச்சியில், காற்றை உள்ளே விட்டு சைஃபனை அறுக்கும் காற்று வால்வு பொருத்துங்கள். அந்த வால்வில் உப்புப் படியும், அவ்வப்போது நன்னீரில் அலசுங்கள். முதல் பகுதியில் சொன்ன குளியல் ஹோஸுக்கும் இது பொருந்தும்.

ஒயரிங்

பில்ஜ் பம்பின் தானியங்கி ஒயர் முதன்மை சுவிட்சைத் தொடாமல் நேரே பேட்டரிக்குப் போக வேண்டும். பூட்டிவிட்டுக் கரைக்குப் போனாலும் அது விழித்திருக்கும். ஃபியூஸ் பேட்டரிக்கு 18 செ.மீ.க்குள். அளவு பம்ப் தயாரித்தவர் சொன்னதே. பெரிதாகப் போட்டால், விசிறி சிக்கிய பம்ப் ஃபியூஸை எரிக்காமல் தானே எரியும்.

ஒயர் தடிமனைக் கணக்குப் போட்டே வாங்குங்கள். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் பம்ப் பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 12 மீட்டர். 2.5 சதுர மி.மீ. செம்பில் 0.42 வோல்ட் தொலையும், 3.5 சதவீதம். 4 சதுர மி.மீ. என்றால் 2 சதவீதம் சொச்சம். தடிமனானதே நல்லது, அதுவும் வெள்ளீயம் பூசியது. இணைப்புகளைப் பசையுள்ள சுருங்கு உறையால் மூடி, நீர் எட்டாத உயரத்தில் கட்டுங்கள். பில்ஜில் பம்ப் ‘செத்துப்போனதாக’ச் சொல்லப்படும் பல நேரம், பச்சை பூத்த இணைப்புதான் குற்றவாளி.

சோதனை

மிதவையைக் கையால் தூக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. 20 லிட்டர் நன்னீரைப் பில்ஜில் ஊற்றுங்கள். எத்தனை வினாடியில் வற்றுகிறது, எப்போது நிற்கிறது, நின்றபின் மீண்டும் ஓடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நேரம் கூடினால் வடிகட்டியைத் திறங்கள்.

இன்ஜின் அடியில் எண்ணெய் உறிஞ்சும் விரிப்பு போடாமல் தானியங்கியை இயக்க வேண்டாம். எண்ணெய் கடலுக்குப் போவது பெரும்பாலான நாடுகளில் குற்றம். சோப்புப் போட்டுக் கரைத்து அனுப்புவதும் அதே குற்றம்தான்.

கைப்பம்ப் ஒன்றும் இருக்கட்டும், சுக்கான் பிடித்திருப்பவர் கையெட்டும் இடத்தில், உள்ளறைக் கதவுகளெல்லாம் மூடியிருந்தாலும் இயக்கக் கூடியதாக. வேர்ல்ட் செய்லிங் அமைப்பின் ஆழ்கடல் பந்தய விதிகள் குறைந்தது 9 லிட்டர் கொள்ளும் உறுதியான வாளிகள் இரண்டைக் கேட்கின்றன, ஒவ்வொன்றிலும் கயிறு கட்டியிருக்க வேண்டும். பந்தயத்துக்குப் போகாதவர்களும் வாங்கி வைக்கலாம்.